ஊதியத்துடன் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: அறுபது கடிதங்களுக்கு இரண்டே பதில்கள், எங்கே தவறுகிறேன்?

கேள்வி: இயற்பியல் இளங்கலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் இளங்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இப்போதுதான் அடியெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கோடை விடுமுறையில் எட்டு அல்லது பத்து வாரங்கள் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் பணியாற்ற விரும்புகிறேன். விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்க்கும் பணத்தில்தான் அடுத்த பருவத்தின் செலவுகளைச் சமாளிக்கிறேன். ஆகவே ஊதியமில்லாத பயிற்சியை ஏற்றுக்கொள்வது எனக்கு இயலாத காரியம்.

இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறத்தாழ அறுபது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெயரையும் நிறுவனத்தையும் மட்டும் மாற்றி, ஒரே கடிதத்தைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரிடமிருந்து மட்டுமே பதில் வந்தது. இருவருமே, சொந்தச் செலவில் வருவதாக இருந்தால் வரலாம், ஊக்கத்தொகை வழங்க நிதி இல்லை என்று எழுதியிருந்தனர். இதற்கிடையில் ஒரு தனியார் அமைப்பு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக அறிவித்து, பதிவுக் கட்டணம் செலுத்தினால் இணையவழி ஆய்வுப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாகக் கூறியது. நான் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை.

பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுவது மேலா, அறிவிக்கப்பட்ட திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது மேலா? முதல் கடிதத்திலேயே பணத்தைப் பற்றிக் கேட்பது அநாகரிகமாகக் கருதப்படுமா? ஆய்வு அனுபவம் எதுவும் இல்லாத ஒருத்தி விண்ணப்பத்தில் எதைத்தான் எழுதுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்: முதுமுனைவர் ஆய்வாளர்

உங்கள் கடிதத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பணத்தைப் பற்றியும் நாட்காட்டியைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். ஏனெனில் மார்ச் மாதத்தில் எவ்வளவு நல்ல கடிதம் எழுதியிருந்தாலும் பெரிய வேறுபாடு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கோரும்போதே, எத்தனை முனைவர் பட்ட மாணவர்கள், என்னென்ன கருவிகள், எவ்வளவு வேதிப்பொருட்கள், எத்தனை பயணங்கள் என்று தலைப்புவாரியாகக் கணக்குக் காட்டியாக வேண்டும். கருவி வாங்க வந்த பணத்தை எடுத்து ஒரு பயிற்சி மாணவிக்கு ஊக்கத்தொகையாகக் கொடுக்கும் உரிமை ஆய்வகத் தலைவருக்குப் பெரும்பாலும் கிடையாது. எனவே, நிதி இல்லை என்று உங்களுக்கு எழுதிய இருவரும் தட்டிக்கழித்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களிடம் உண்மையிலேயே அந்தத் தலைப்பில் பணம் இருந்திருக்காது. அறிவிக்கப்பட்ட திட்டங்களின் சிறப்பே, மாணவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பணம் அவற்றில் இருக்கிறது என்பதுதான்.

சில திட்டங்களில் இரண்டு வழிகளும் கலந்தே வரும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் தொடங்கிய, ஆர்.இ.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தில், பத்து மாணவர்கள் அளவில் ஒரே இடத்தில் சேர்த்துப் பயிற்சி தரும் மையங்களும் உண்டு. ஏற்கெனவே நிதி பெற்றுள்ள ஓர் ஆய்வாளர், இளநிலை மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கூடுதல் நிதி கோரும் வழியும் உண்டு. இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த நிதியிலிருந்து ஊக்கத்தொகை பெற, அந்நாட்டின் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் வாரக்கணக்கில் விண்ணப்பங்களைத் தயாரித்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

தகுதி விதிகளை வாசிப்பது ஒரு தனிக்கலை. சில திட்டங்கள் குடியுரிமையைப் பார்க்கும். சில, நீங்கள் படிக்கும் கல்வி நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பார்க்கும். வேறு சில, எத்தனை ஆண்டுகள் முடித்திருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கும். ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ரைஸ் திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களின் பல்கலைக்கழக மாணவர்களை மனத்தில் வைத்து உருவானது. அதே அமைப்பின் வைஸ் திட்டம் இந்தியக் கல்வி நிறுவனங்களில் அறிவியலும் பொறியியலும் படிப்பவர்களுக்கானது. அதற்கு ஜெர்மனியில் உங்களை ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டியின் அழைப்புக் கடிதத்தை நீங்களே முன்கூட்டிப் பெற்றிருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் கோடைக்கால மாணவர் திட்டம் எட்டு முதல் பதின்மூன்று வாரங்கள் நடக்கும். அந்தக் கோடைக்குள் மூன்று ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. உங்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. உறுப்பு நாடுகள் அல்லாதவற்றின் மாணவர்களுக்கும் அங்கே தனி ஒதுக்கீடு உண்டு, இடங்கள்தாம் குறைவு.

குடியுரிமையைப் பெரிதாகப் பார்க்காத இடங்களும் இருக்கின்றன. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் தன் ஆய்வுப் பயிற்சி மாணவர்களுக்குத் தினப்படியும் தங்குமிடமும் பயணச் செலவும் தருகிறது. சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மூன்று முதல் ஆறு மாதங்கள் வருகை மாணவர்களை ஏற்றுக்கொள்கிறது.

இனி நாட்காட்டி. கனடாவின் மைட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கான விண்ணப்பம், பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் வாக்கிலேயே மூடப்பட்டுவிடும். வைஸ் திட்டத்துக்கு நவம்பர்த் தொடக்கம், செர்னுக்கு ஜனவரி இறுதி என்பது வழக்கம். அந்தந்த ஆண்டின் தேதியை அவரவர் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மார்ச்சில் கடிதம் அனுப்பத் தொடங்கியபோது, அந்தக் கோடைக்கான பணம் பெரும்பாலும் பங்கிடப்பட்டு முடிந்திருக்கும்.

இரண்டாவது பதில்: சென்ற ஆண்டு பயிற்சி முடித்த பொறியியல் மாணவர்

மேலே உள்ளவர் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டார். அது எப்போது வருகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் என்னை உண்மையில் திணறடித்தது அதுதான்.

நான் சென்ற இடத்தின் பெயர் வேண்டாம். ஊக்கத்தொகை தாராளமானது, பயணச் செலவும் உண்டு என்று அறிவிப்பில் இருந்தது. இரண்டுமே உண்மை. ஆனால் பயணச் செலவு என்பது, சொந்தப் பணத்தில் பயணச்சீட்டு வாங்கிச் சென்ற பிறகு, ரசீதையும் போர்டிங் பாஸையும் ஒப்படைத்தால் திருப்பித் தருகிற தொகை. விமானத்தில் இறங்கிய களைப்பில் போர்டிங் பாஸைக் குப்பையில் போட்டுவிட்டு, விமான நிறுவனத்திடமிருந்து பயணச் சான்று பெறுவதற்காக மூன்று வாரங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊக்கத்தொகையோ மாதம் முடிந்த பிறகு தரப்படுவது. அதற்கு அந்நாட்டில் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு அறை வேண்டும். அறைக்கு முன்பணம் வேண்டும். என் முதல் ஊக்கத்தொகை கைக்கு வந்தபோது ஆறாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடனில்தான் காலம் தள்ளினேன்.

ஆகவே தேர்வுக் கடிதம் வந்தவுடன், ஏற்பதற்கு முன்பே, சிலவற்றை எழுத்துமூலமாகக் கேட்டுவிடுங்கள்: முதல் தவணை எந்தத் தேதியில் தரப்படும், பயணச்சீட்டை அவர்களே வாங்கித் தருவார்களா, தங்குமிட வாடகை ஊக்கத்தொகையிலிருந்து பிடிக்கப்படுமா, வரிப் பிடித்தம் உண்டா, மருத்துவக் காப்பீட்டுக்கும் விசாவுக்கும் யார் செலவு செய்வது. நான் கேட்காமல் போனதற்கு வெட்கம்தான் காரணம். கேட்ட இன்னொரு மாணவருக்கு அதே அலுவலகம் முதல் மாதத் தொகையின் ஒரு பகுதியை முன்பணமாகவே கொடுத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

கணக்குப் போடும்போது, விடுமுறை வேலையில் நீங்கள் சம்பாதிக்கக்கூடிய தொகையோடு ஊக்கத்தொகையை நேரடியாக ஒப்பிடாதீர்கள். வாடகை, உணவு, காப்பீடு, விசா எல்லாம் போக மீதி எவ்வளவு என்று பாருங்கள். அந்த மீதி உங்கள் அடுத்த பருவத்துக்குப் போதாவிட்டால், ஊதியமுள்ள பயிற்சி என்ற பெயர் இருந்தும் உங்களைப் பொறுத்தவரை அது கட்டுப்படியாகாது.

வேலையைப் பற்றியும் ஒன்று. போனவுடன் ஆராய்ச்சி தொடங்கிவிடும் என்று நினைத்துப் போனேன். முதல் பத்து நாட்கள் ஒரு வெற்றிடக் கலத்தில் கசிவைத் தேடுவதிலேயே கழிந்தன. கலத்தின் அழுத்தம் ஒரு மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை இறங்கிவிட்டு, அதற்குக் கீழே போக மறுத்தது. ஒவ்வோர் இணைப்பின் மீதும் ஹீலியம் வாயுவை மெல்லப் பீய்ச்சிக்கொண்டு, அது கலத்துக்குள் புகுகிறதா என்று கசிவுமானியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினோராவது ஃபிளேஞ்சில், அதாவது குழாய்களை இணைக்கும் வளையத்தில், எண் துள்ளியது. பிரித்துப் பார்த்தால், இணைப்பை அடைக்கும் செம்பு கேஸ்கட்டின் மீது ஒரு தலைமுடி. பயிற்சி முடிவில் நான் கொடுத்த உரையில் வழிகாட்டி மிகவும் பாராட்டியது, அந்தத் தலைமுடியின் படம் இருந்த பக்கத்தைத்தான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. போர்டிங் பாஸ் செய்தியை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மார்ச்சில் அனுப்பிய கடிதத்தின் முக்கியப் பகுதியைக் கீழே தருகிறேன். எங்கே தவறு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

“உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் பணியாற்றும் வாய்ப்பை எனக்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் அளவற்ற ஆர்வம் உண்டு. நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவள், குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவள். வகுப்பில் குறைகடத்தி மாதிரி ஒன்றின் மின்தடையை நான்முனை முறையில் அளந்திருக்கிறேன். தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறேன்.”

மூன்றாவது பதில்: ஆய்வகம் ஒன்றை நடத்தும் பேராசிரியர்

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வாரந்தோறும் வருகின்றன. அவற்றை நான் எப்படிப் படிக்கிறேன் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வாக்கியங்களைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. அவற்றை என் ஆய்வகத்துக்கும் எழுதலாம், கடலுயிரியல் ஆய்வகம் ஒன்றுக்கும் எழுதலாம். நான்காவது வாக்கியத்தில்தான் கண் நின்றது. அங்கேயும் நீங்கள் முடித்துவிட்டீர்கள். நான்முனை முறையில் அளந்தீர்கள், சரி. என்ன கிடைத்தது? எதிர்பார்த்தது கிடைத்ததா? கிடைக்கவில்லையென்றால் என்ன செய்தீர்கள்?

கேள்வி கேட்டவர்

உண்மையைச் சொன்னால், முதல் நாள் அளவீடு சரியாக வரவில்லை. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் மின்னழுத்தமானி சுழியத்துக்குத் திரும்பாமல் சில மைக்ரோவோல்ட் காட்டிக்கொண்டே இருந்தது. கருவியில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். மாதிரியின் ஒரு முனை சூடேற்றிக்கு அருகில் இருந்ததைக் கவனித்து, இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் உண்டாகும் மின்னழுத்தமாக இருக்கலாம் என்று நினைத்தேன். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மீண்டும் அளந்து, இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டில் பாதியை எடுத்தபோது எண்கள் ஒழுங்குக்கு வந்தன. இது பாடநூலில் உள்ளதுதானே, இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது பதிலளித்த பேராசிரியர்

இதைத்தான் எழுத வேண்டும். பாடநூலில் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் உடன் இருந்தவர்கள் கருவியைக் குறை சொன்னபோது நீங்கள் சூடேற்றியின் இடத்தைப் பார்த்தீர்கள் என்பது பாடநூலில் இல்லை. ஆய்வு அனுபவம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதையே ஐந்து வாக்கியங்களில் எழுதியும் காட்டிவிட்டீர்கள்.

கடிதம் அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்த மாதத்திலிருந்து எத்தனை வாரங்கள் வர இயலும் என்பது முதல் வாக்கியம். அடுத்து, அந்த ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் குறிப்பிடுங்கள். புகழ்ச்சி வேண்டாம், கேள்வி போதும். பிறகு இந்த மின்னழுத்தக் கதை. அறுபது பேருக்கு இதைச் செய்ய முடியாது என்பீர்கள்; செய்யவும் வேண்டாம். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படிக்க உங்களுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், எட்டுக் கடிதங்களுக்கு மேல் எழுத இடமிருக்காது. எட்டுப் போதும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றார் என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் உங்களுக்குப் பயனில்லை; மதிப்பெண் பட்டியல் அதை ஏற்கெனவே சொல்கிறது. அந்த அளவீட்டின்போது ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆசிரியர் யாரோ, அவரிடம் கேளுங்கள். குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் கேளுங்கள். உங்கள் அளவீட்டுப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு நினைவாற்றல் குறைவு என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இறுதியாக, ஊதியமில்லாத பயிற்சியை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியரோடு பருவ நாட்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் வேலை செய்தால், அடுத்த விண்ணப்பத்தில் எழுத ஏதாவது கிடைக்கும்.

முதல் பதிலளித்த முதுமுனைவர் ஆய்வாளர்

கடிதத்தைப் பற்றிப் பேராசிரியர் சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன், கடைசிப் பத்தியைத் தவிர. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று தொடங்குவது பதினைந்து மணி நேரத்தில் போய் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி முடியும்போது, பகுதிநேர வேலையை விட முடியாத மாணவர்கள்தாம் முதலில் விலகுகிறார்கள். பிறகு தேர்வுக்குழு, முன் அனுபவம் உள்ளவர்களையே எடுத்தோம் என்கிறது. அந்த அனுபவத்தைப் பணம் இருந்தவர்களால்தான் பெற முடிந்தது என்பது அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு நடுவழி உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகார் 1969-இல் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டத்தில், ஒரு மாணவர் தம் ஆய்வு வேலைக்கு ஊதியமாகவோ, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப்புள்ளியாகவோ (கிரெடிட்) ஈடு பெறலாம். உங்கள் கல்லூரியிலும் பணம் இல்லை என்றால், பாடப்புள்ளி கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக இந்த வேலை கணக்கில் சேர்ந்தால், உங்கள் நேரம் வீணாகாது. இரண்டும் இல்லையென்றால், இத்தனை மணி நேரம், இந்தத் தேதியோடு முடிவு என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பதில்: ஃபெல்லோஷிப் அலுவலகம் ஒன்றில் முன்பு பணியாற்றியவர்

கட்டணம் கேட்ட அமைப்பைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பணம் உங்களிடம் வர வேண்டிய இடத்தில் உங்களிடமிருந்து போகிறது என்றால், அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. நீங்கள் அங்கே வாடிக்கையாளர். நேர்மையான திட்டங்களிலும் சிறிய விண்ணப்பக் கட்டணம் கேட்கப்படுவது உண்டு. ஆனால் விண்ணப்பிக்காதவரைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியின் பெயரைச் சொல்லாமல், சான்றிதழை முன்னிறுத்திக் கட்டணம் கேட்பவர்களிடம் ஆய்வகம் இருக்க வாய்ப்பில்லை. “என் வழிகாட்டி யார், அவருடைய கடைசிக் கட்டுரை எது?” என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அத்துடன் அமைதியாகிவிடுவார்கள்.

இன்னொன்று, சொற்களைப் பற்றியது. ஃபெல்லோஷிப் என்பது பொதுவாக உங்கள் பெயருக்கு வழங்கப்படும் நல்கை. திட்டத்துக்குத் திட்டம் விதிகள் மாறினாலும், ஆய்வகம் மாறினால் அதுவும் உங்களோடு வர வாய்ப்பு உண்டு. ஓர் ஆய்வுத் திட்டத்தின் நிதியிலிருந்து தரப்படும் ஊக்கத்தொகை அந்தத் திட்டத்துக்குரியது. திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். வழிகாட்டியோடு ஒத்துப்போகாத நாளில்தான் இந்த வேறுபாடு உறைக்கும். சில இடங்களில் நல்கைக்கும் சம்பளத்துக்கும் வரி விதிகள்கூட வேறுபடுகின்றன. எனவே ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மைட்டாக்ஸ் அறிவிப்பைப் பார்த்தேன். இறுதி நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூட ஆசிரியரிடம் பதிவேட்டின் பக்கத்தைக் கொடுத்துப் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட்டேன். அவருக்கு அந்த நாள் நினைவில் இருக்கிறது, சூடேற்றியை அங்கே வைத்ததே அவர்தானாம். ஒரே ஓர் ஐயம் மட்டும் மிச்சம். நேரடியாக எழுதும் எட்டுக் கடிதங்களில் பணத்தைப் பற்றி எங்கே, எப்படிக் கேட்பது?

மூன்றாவது பதிலளித்த பேராசிரியர்

கடைசிப் பத்தியில், ஒரே வாக்கியத்தில், மன்னிப்புக் கேட்காமல் கேளுங்கள். “ஊக்கத்தொகை இன்றிப் பயிற்சியை ஏற்க எனக்கு இயலாது; தங்கள் திட்டத்தில் அதற்கு வழியில்லையெனில், நான் விண்ணப்பிக்கக்கூடிய நல்கை ஏதேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.” வாக்கியத்தின் இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். முதல் பாதி மட்டும் இருந்தால் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடுவேன். இரண்டாவது பாதி இருந்தால், அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லத் தோன்றும்.